பொட்டு வைத்த நம்பர் பிளக்

என் மேசை இழுப்பறையில், பழைய மூக்குக்கண்ணாடிக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. ஒரு முனையில் பல் பல்லாகச் சில வெட்டுகள். மறுமுனை தட்டை. அந்தத் தட்டையான முகத்தில் காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் கறுத்துப்போன குங்குமமும் அப்பிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அடியில் ஓர் எண் அச்சிட்டிருக்கிறது. அது சைபரா ஒன்றா என்று எனக்குத் தெரியாது. என் மகன் இதை ஏதோ உடைந்த அடுப்புத் திருகு என்று நினைத்துக் குப்பையில் போடப் போனான். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அரண்டுவிட்டான். அம்மாவுக்கு எதற்கெல்லாம் கோபம் வரும் என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அது கோபமில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதைக் கையில் எடுத்தால் அந்தக் காலைதான் எதிரில் வந்து நிற்கிறது. இப்படியும் நடக்குமா என்று அன்றைக்கு வாயடைத்துப் போனவள், இன்னும் முழுதாக வாய் திறக்கவில்லை என்றே சொல்வேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். காலையில் செங்கல்பட்டில் ஆபீஸ் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தால் பாதி வழி தாண்டியாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் உப்புக் காற்று ஜன்னல் வழியாக ஏறிவிடும், தலைமுடி பிசுபிசுக்கும். எங்கள் கம்ப்யூட்டர் இரண்டு பீரோ அளவு இருக்கும். அதற்குப் பெயர் மினி கம்ப்யூட்டர். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் "இதுவா மினி?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் சிரிக்கிறோமா என்று முகத்தைப் பார்ப்பார்கள். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்து வைப்போம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்தக் குளிரூட்டிய அறைக்குள் போகவேண்டும். கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்ததால் அது எங்களுக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

அந்த இயந்திரத்தைப் பராமரித்தவரை எல்லாரும் இன்ஜினியர் பாய் என்றுதான் கூப்பிட்டோம். புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. அண்ணன் தம்பிகளில் அவர் ஒருவர்தான் படித்து, மெட்ராசில் பயிற்சி எடுத்து, ஒப்பந்தத்தில் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. "இந்தப் பொட்டி வேலைய வுட்டுட்டுக் கடைக்கு வா" என்று வீட்டில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். நிரந்தரமாகிவிட்டால் அந்த வாயை அடைத்துவிடலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நல்ல உயரம். கைகள் எப்போதும் சுத்தம். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. டீ கிளாசோடு யாராவது கதவருகே வந்தால் போதும், உள்ளேயிருந்தே குரல் வரும். ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிற கோபம் அது. திட்டி முடித்த கையோடு அந்த டீயை வாங்கி அவரே குடிப்பார்.

பெரிய பீரோவுக்குப் பக்கத்தில் இரண்டு டிஸ்க் பெட்டிகள் அருகருகே இருக்கும். அச்சில் வார்த்ததுபோல் இரண்டும் ஒரே மாதிரி. இழுப்பறையைத் திறந்து, தாம்பாளம் அளவுக்கு மூடி போட்ட ஒரு வட்டத் தட்டை உள்ளே வைத்து மூடவேண்டும். தகவல் எல்லாம் அந்தத் தட்டில்தான். பீரோவுக்குள் கண்ட்ரோலர் என்ற அட்டைகள் இருந்தன. பெட்டிகளுக்கு உத்தரவு போடுவது அவற்றின் வேலை. வந்த புதிதில் நான் இடதுபக்கப் பெட்டி சைபர், வலதுபக்கப் பெட்டி ஒன்று என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா இது, பொட்டியப் பாத்துகினு கீற? பொட்டிக்கு ஏது பேரு? நம்பரப் பாரு. கண்ட்ரோலருக்குக் கண்ணு கெடையாது. அது சைபருன்னு கூப்புடும். எந்தப் பொட்டில சைபர் பிளக்கு சொருவி கீதோ, அது நான்தான்னு வந்து நிக்கும். பிளக்க மாத்திச் சொருவினா பேரும் மாறிப்பூடும், அவ்ளோதான்."

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு சின்னக் குழி. அதில் எண் அச்சிட்ட ஒரு பிளக். கையால் இழுத்தாலே வந்துவிடும். பின்பக்கத்து வெட்டுகளைப் பார்த்துத்தான் பெட்டி தன் எண்ணைத் தெரிந்துகொள்ளும், முன்பக்கத்து எழுத்து நமக்காக. பார்க்கிறவர்களுக்கு அது வீட்டுக் கதவு நம்பர் மாதிரி வெறும் அடையாளமாகத் தெரியும். "பொட்டியப் பாக்காத, நம்பரப் பாரு" என்பதை பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே அவர் குரலில் சொல்லிச் சிரிப்போம்.

அந்த இயந்திரத்தில் பாதி வேலை டாக்டரம்மாவுடையது. கடற்கரை மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ச்சி செய்தவர். டாக்டர் பட்டம் கடலுக்காக வாங்கியது, குப்பத்து ஜனங்களுக்கு அது புரியாது. "டாக்டரம்மா, புள்ள ரெண்டு நாளா இருமிகினே கீறான்" என்று மாமல்லபுரத்துக் கரையில் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை தரம் விளக்குவது என்று கடைசியில் அவரே பையில் இருமல் மருந்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் உழவர் குடும்பம். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கி, நட்டுவைத்த கம்பங்களைச் சரிபார்ப்பதைப் பார்த்தால் நாற்று நடப் போகிறவர் போலத்தான் இருக்கும். கரையில் ஒரு கொட்டகைக்குள் இருந்த கருவி அலையின் அளவுகளைக் காகித நாடாவில் துளைபோடும். அந்த நாடாக்களைக் கொண்டுவந்து இயந்திரத்தில் படிக்கவைத்துத் தட்டில் ஏற்றுவது என் வேலை. அப்படி இரண்டு மழைக்காலத்து அளவுகள் ஒரே தட்டில் சேர்ந்திருந்தன. ஒரு புயலின் போது கொட்டகைக் கூரை பறந்து, அவர் கருவியின் மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே நின்ற நாட்களும் அதில் சேர்த்தி.

வழக்கமாக அந்தத் தட்டுக்கு ஒரு நகல் தட்டு உண்டு. ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த நகல் தட்டில் கீறல் விழுந்து கெட்டுப்போயிற்று. புதுத் தட்டு மெட்ராசிலிருந்து வந்து சேர்ந்ததும் பாய் அதைத் தயார்செய்து வைத்தார். பூசை நெருங்கிவிட்டதால் புதுத் தட்டில் விஜயதசமி கழிந்து வேலையைத் தொடங்கலாம், நல்ல நாள் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று டாக்டரம்மா ஆசைப்பட்டார். பாயும் சரியென்றார். ஆக, அந்தச் சில நாட்களுக்கு உலகத்திலேயே அந்த அளவுகள் இருந்தது ஒரே ஒரு தட்டில். நாடாக்களை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். உப்புக் காற்றில் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் தட்டில் ஏற்றியதும் கழித்துவிடுவோம். கடைசியாகக் கழித்த நாடாக்களைத்தான் அந்த வருடம் பூசைக்குத் தோரணமாகக் கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது, காற்றில் சலசலவென்று ஆடிக்கொண்டு.

ஆபீஸ் பூசை விடுமுறைக்கு முன்தினம் நடக்கும். மற்ற வருடங்களில் பாயும் வந்து, ஓரமாக நின்று, பொரியும் சுண்டலும் வாங்கி, எனக்கு இன்னும் கொஞ்சம் வெல்லம் போடு என்று சண்டைபோட்டுத்தான் போவார். அந்த வருடம் அவர் தங்கைக்குச் செங்கல்பட்டில் நிக்காஹ், அதனால் லீவு. முந்தின நாளே இயந்திரத்தை நிறுத்தி, தட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "நல்லாத் தொடைங்க, ஆனா வெளியால மட்டும் தொடைங்க. உள்ள கை வச்சீங்க, நான் ஆளா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா வேறு யாரையும் தொடவிடவில்லை. அவர் வீட்டில் ஆயுத பூசை என்றால் ஏர், மண்வெட்டி, கிணற்றில் நீர் இறைக்கிற கவலைச் சாமான் எல்லாவற்றையும் கழற்ற முடிந்த அளவுக்குக் கழற்றி, ஒவ்வொரு துண்டாகக் கழுவித் துடைத்து, மறுபடி பூட்டி, பிறகுதான் சந்தனம் வைப்பார்கள். மேலாகத் துடைத்தால் கருவிக்கு மனத்தாங்கல் என்று அவர் அப்பா சொல்வாராம். எனக்கு இது பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் முன்னறையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தபோது இயந்திரம் பளபளவென்று நின்றது. சுவிட்சுப் பலகைக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, இரண்டு பெட்டிகளின் நம்பர் பிளக்குகளிலும் வட்டமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். கல்யாணப் பெண்கள் இரண்டு பேரை உட்காரவைத்த மாதிரி இருந்தது. நாங்கள் கற்பூரம் காட்டினோம். கம்ப்யூட்டர் அறையில் புகை ஆகாது என்பதால் கதவுக்கு வெளியே காட்டினோம்.

விடுமுறை முடிந்த காலையில் பாய் புதுச் சட்டையில் வந்தார். நிக்காஹ் விருந்தின் களைப்பு முகத்தில் இருந்தது. டாக்டரம்மா அவருக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தானே புதுத் தட்டு தொடங்குகிற நாள். பாய் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு பெட்டிகளின் முன் நின்றார். அவருடைய கட்டைவிரல் இடதுபக்கப் பெட்டியின் பிளக்கை நோக்கிப் போனது. கிட்டே போய் நின்றது. பிறகு அந்த விரலை மடக்கிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, அளவுகள் இருந்த தட்டை இடதுபக்கத்திலும் புதுத் தட்டை வலதுபக்கத்திலும் வைத்தார். இது என் கண்ணில் பட்டது. பொட்டு அழகாக இருக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

சைபரிலிருந்து ஒன்றுக்கு நகல். வழக்கமான உத்தரவுதான். இடதுபக்கப் பெட்டியில் எழுதவிடாமல் பூட்டுகிற பொத்தான் பழுதாகி, உதிரிபாகம் கேட்டு எழுதி, நிர்வாகத்திடமிருந்து பதில் வராமல் கிடந்தது, அதனால் அளவுகள் இருந்த தட்டைப் பூட்டிவைக்க முடியவில்லை. விளக்குகள் மினுக்கின. டாக்டரம்மா எனக்கும் பாய்க்குமாகக் கொஞ்சம் பொரி எடுத்து வைத்திருந்தார், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நகல் முடிந்ததும் டாக்டரம்மா, "புதுத் தட்டுலேர்ந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடும்மா, கண்ணால பாத்துடறேன்" என்றார். எடுத்தேன். பக்கம் முழுக்கப் பூஜ்யம். பாய், "நகல் சரியா வுழல, ஒரிஜினல்ல எடு" என்றார். எடுத்தேன். அதுவும் பூஜ்யம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், வரிசை வரிசையாகப் பூஜ்யம். பிரிண்டர் மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை, பாய்தான் எட்டி நிறுத்தினார்.

அவர் பின்பக்கம் போய்க் கேபிள்களைத் தடவிப் பார்த்தார். பீரோவைத் திறந்து கண்ட்ரோலர் அட்டைகளைப் பார்த்தார். கடைசியில் முன்பலகைக்கு வந்து சுவிட்சுகளைத் தட்டி, சைபரைக் கூப்பிட்டார். வலதுபக்கப் பெட்டியில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்தபடி அவர் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. காலியான புதுத் தட்டை, நிறைந்த தட்டின் மேல் நாங்களே எழுதி முடித்திருந்தோம். "பிளக்கு மாறி கீது" என்று மட்டும் சொன்னார். பிறகு, டாக்டரம்மா பிரிண்ட் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என்னிடம் மட்டும் மெதுவாக, "பொட்டியெல்லாம் யாரும்மா தொடச்சது?" என்றார். "டாக்டரம்மாதான், வேற யாரையும் வுடல" என்றேன். துடைத்தவர் கழற்றியும் இருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. "சரி, வுடு" என்றார் பாய்.

டாக்டரம்மா வெறிபிடித்தவர் போல் வெளியே ஓடினார். தோரணமாகக் கட்டிய நாடாவாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்கத்தான். தோட்டக்காரர் பூசைக் குப்பையோடு அதைச் சவுக்குச் சருகில் போட்டுக் கொளுத்தியிருந்தார். சாம்பலுக்குள் கைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தவரை நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். திரும்பி வந்து பாயின் எதிரே நின்று, "உங்களுக்கு இது வேலை பாய். எனக்கு இது ரெண்டு வருஷம்" என்றார். பாய் தலை குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் நான் கேட்ட பேச்சுகள்தான் என்னை அதிகம் உலுக்கின. பிளக்குகளுக்கு அவர்தான் பொறுப்பு, அவர்தான் மாற்றி வைத்திருப்பார் என்பது வரைக்கும் ஏதோ நியாயம் இருந்தது. "பூசை அன்னிக்குன்னு பாத்து லீவு போட்டாரே, கவனிச்சியா?" என்று சாப்பாட்டு அறையில் ஒருவர் ஆரம்பித்தார். "நம்ம பூசைன்னா அவங்களுக்கு இளக்காரம்தானே" என்று இன்னொருவர் முடித்தார். அவர் தங்கை நிக்காஹ் என்பது இருவருக்கும் தெரியும். பத்திரிகை வாங்கியவர்கள். போன பெருநாளுக்கு அவர் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் வாயிலிருந்து இவ்வளவு லேசாக இது வருமா என்று திகைத்துப்போய் டப்பாவை மூடிவிட்டேன்.

நிர்வாக அதிகாரி விசாரணை வைத்தார். பாயின் நிரந்தரக் கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது என்பதால், விசாரணை எதைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திர அறையில் வைத்தே, என்ன நடந்தது என்று செய்து காட்டச் சொன்னார். பாய் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"டாக்டரம்மா வர வேணாம் சார். அவங்க இல்லாம காட்டிடறேன்."

"ஏன், அவங்க மூஞ்சியில முழிக்க பயமா?" என்றார் அதிகாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குற்றமுள்ள மனம் என்று அவரவர் முடிவுகட்டிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. டாக்டரம்மா விடவில்லை. "என் டேட்டா, நான் பாக்கணும்" என்று முன்னால் வந்து நின்றார்.

அதிகாரி முதலில் கேட்டது, "பிளக்கில நம்பர் அச்சடிச்சிருக்கில்ல? தட்டு வைக்கும்போது பாத்தீங்களா?" என்பதுதான்.

"பாக்கல சார்."

"நம்பரப் பாருன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவராச்சே. ஏன் பாக்கல?"

பாய் பிளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மறுபடி கேட்டார். பிறகு பாய் பெட்டிகளின் அருகே போனார். பலகையில் சைபரைக் கூப்பிட்டார், வலதுபக்க விளக்கு எரிந்தது. இரண்டு பிளக்குகளையும் ஓரத்தில் பிடித்து, பொட்டில் விரல் படாமல், வெளியே இழுத்தார். இடம் மாற்றிச் செருகினார். மறுபடி சைபரைக் கூப்பிட்டார். இப்போது இடதுபக்க விளக்கு எரிந்தது.

டாக்டரம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் வருகிற சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளக்குங்கறது இதுவா? வெறும் நம்பர் வில்லைன்னு நெனச்சேன்" என்றார். "நான்தான் கழட்டினேன். ரெண்டையும் கழட்டி, கழுவித் தொடச்சு, மாட்டினேன். நான்தான் சார். அவர் இல்ல."

இரண்டு மழைக்காலம் கரையில் நின்று சேர்த்ததைத் தன் கையாலேயே, பக்தியோடு, பொட்டு வைத்து அழித்திருக்கிறார். அது அவருக்கு அந்த விளக்கு எரிந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. பாய்க்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. வர வேண்டாம் என்று அவர் கெஞ்சியது இதற்காகத்தான் என்று புரிந்தபோது பக்கத்திலிருந்த பிரிண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்தது, பாய் பிழைத்தார் என்றே நினைத்தேன். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நீங்க நல்ல எண்ணத்தில செஞ்சீங்க. பூசையால அரசாங்க வேலை கெட்டுப்போச்சுன்னு என்னால எழுத முடியாது. நம்பர் அச்சடிச்சிருக்கு. இன்ஜினியர் பாக்கல. கவனக்குறைவு. அவ்வளவுதான் விஷயம்." டாக்டரம்மா எவ்வளவோ வாதாடினார். அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புதுப்பட்டினம் போகிற சாலையோரத்தில் பாய் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா விடுவிடுவென்று நடந்து அவரிடம் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

"எல்லாம் சரி பாய். நம்பர ஏன் பாக்கல நீங்க? ஒருக்கா தொடச்சுப் பாத்திருக்கலாமே. நீங்க பாத்திருந்தா..."

பாய் செருப்பால் மணலைத் தள்ளிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

"பாக்கத்தாம்மா போனேன். மேல பொட்டு வச்சிருந்துச்சு. தொடச்சாத்தான் நம்பர் தெரியும். பொம்பளைங்க வச்ச பொட்ட நான் எப்பிடிம்மா அழிக்கறது? எப்பவும் லெப்ட்டுதானே சைபர்னு வச்சிட்டேன். பொட்டியப் பாத்து வச்சிட்டேன். என் தப்புதான் அது."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"யாருக்கு? ஒண்ணு, உங்க மேல போவும். இல்ல, உங்க சாமி மேல போவும். நான் வாயத் தொறந்து எது மேலயும் போட வேணாம்னு இருந்துட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். டாக்டரம்மா அப்போதுதான் அழுதார், சாலையோரத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அந்தக் கட்டைவிரல் கிட்டே போய் மடங்கியது என் கண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை டாக்டரம்மா நேராக இயந்திர அறைக்குப் போய் அந்த இரண்டு பிளக்குகளையும் உருவினார். ஓர் ஈரத் துணியையும் எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரியின் அறைக்குள் போய், மூன்றையும் அவர் மேசைமேல் வைத்தார்.

"இதுல எது சைபர், எது ஒண்ணுன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

அதிகாரி ஒரு பிளக்கை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சந்தனம் கெட்டியாகக் காய்ந்து முகத்தை முழுக்க மூடியிருந்தது. துணியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பிளக்கைக் கீழே வைத்தார். நெற்றியிலிருந்த தன் விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எதுக்கு மேடம் இதெல்லாம்? எடுத்துட்டுப் போங்க."

"உங்களால முடியல இல்ல சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்துவிட்டது. அப்புறம் பேனாவை எடுத்து, முன்னால் திறந்திருந்த பாயின் கோப்பில் 'நிரந்தரம் மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் கண்ணெதிரிலேயே, எங்களை நிற்கவைத்துக்கொண்டே போட்டார். தெரியாமல் ஒருவன் அநியாயம் செய்தால் ஆறிவிடும். தெரிந்துகொண்ட அடுத்த நொடியில், அதே கையால் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பாயின் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. கொஞ்சநாள் கடையில் உட்கார்ந்தார், பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. புது உதிரிபாகங்களோடு புதுப் பிளக்குகள் வந்தன. அவற்றைப் பசை போட்டு ஒட்டிவிடும்படி நிர்வாக உத்தரவு. டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே கரையில், அதே கம்பங்களோடு, இன்னும் இரண்டு மழைக்காலம். பூசைக்கு மட்டும் இயந்திர அறைப்பக்கம் அவர் அதற்கப்புறம் வரவேயில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், ஊருக்கு வந்திருந்த பாயைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நலம் விசாரித்து முடிப்பதற்குள், "டாக்டரம்மா அந்த டேட்டாவ மறுபடி எடுத்து முடிச்சாங்களா?" என்றார். முடித்துவிட்டார் என்றேன். "நகல்?" என்றார். "மூணு" என்றேன். "மூணுலயும் நம்பரப் பாத்தாங்களா?" என்று சிரித்தார். என்னால் அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

வேலையை விட்டுப் போகும்போது டாக்டரம்மா இந்தப் பிளக்கை என் கையில் கொடுத்தார். இன்னொன்றை அவர் வைத்துக்கொண்டார். யாரிடம் சைபர், யாரிடம் ஒன்று என்று இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது அவரும் இல்லை. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிற நேரத்தில் பிளக் என் எதிரில் இருக்கிறது. சந்தனத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும், அடியிலிருக்கும் எண் தெரிந்துவிடும். கட்டைவிரலைக் கிட்டே கொண்டுபோனேன். மடக்கிக்கொண்டேன்.